சுடாத சட்டி

தங்கை கடைசியாக வனைந்த சட்டி, குன்னூர் வீட்டின் பின்னறையில் சன்னலோரப் பலகையில் இருந்தது. அகன்ற வாய், உட்புறத்தில் அவள் விரல்கள் சுற்றிச் சென்ற வரிகள். சக்கரத்திலிருந்து அதை அறுத்தெடுத்து வைத்த மறுநாள் அவளைக் கோயம்புத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நான் மட்டும் திரும்பி வந்தபோது, மூடுவாரின்றிக் காற்றில் காய்ந்த சட்டியின் அடியில் விரிசல் ஓடியிருந்தது. சூளையில் வைத்தால் வெடித்துவிடும். வரலாற்றுப் பேராசிரியனாக வாழ்நாளெல்லாம் பானை ஓடுகளைப் பற்றிப் பேசியவன் நான். சுட்ட மண் அரசுகளைக் கடந்து நிற்கும்; சுடாத மண் ஒரு வாளித் தண்ணீருக்குத் தாங்காது என்பதை அறிவேன்.

புதிதாகக் கற்க வருவோருக்கு அவள் நடத்திய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் செய்த எதையும் சுடமாட்டாள். மாலையில் எல்லாம் மறுபடி மண்ணாகக் கரைய ஊறல் வாளிக்குள் போகும். ஒருமுறை எஸ்டேட் கணக்கர் ஒருவர் தம் கோணல் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏனுங்க டீச்சர், ஊட்டுல காட்டிட்டு நாளைக்கே கொண்டாந்து தர்றனுங்க" என்று மன்றாடினார். "ஃபோட்டோ புடிச்சுக் காட்டுங்க. இதைச் சுட்டா என்ற சூளைதானுங்க வெடிக்கும்" என்றாள். அவரும் சிரித்தபடியே கிண்ணத்தை வாளிக்குள் விட்டார்.

அவள் அறிவித்துவிட்டுப் போன அடுத்த வகுப்பை நடத்த, அவளிடம் கற்று அவளுக்குத் துணையாக இருந்த, ஊட்டி காந்தலைச் சேர்ந்த பெண்மணி முன்வந்தார். ஒரு வாரம் முன்பே இருவரும் ஆயத்தங்களைத் தொடங்கினோம். நான் பஞ்சுகளை அலசினேன், மண்ணை வழிக்கும் மரச்சீவிகளைத் தேய்த்தேன், மண் அறுக்கும் கம்பிகளுக்கு, அவள் செய்ததுபோலவே, என் பழைய கோட்டுப் பொத்தான்களைப் பிடியாகக் கட்டினேன். மண்தான் போதவில்லை. மலைப்பாதையில் சரிவு, சமவெளியிலிருந்து வரவேண்டிய லாரி வரவில்லை. காய்ந்த துண்டுகளையெல்லாம் ஊறப்போட்டுப் பார்த்த பெண்மணி, "ஒருத்தருக்கு மட்டும் பத்தாதுங்க சார்" என்றார். பிறகு, சன்னல் பக்கம் பார்க்காமலே, "டீ ஃபேக்டரிப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணை முந்தைய வகுப்பிலேயே இடமில்லையென்று தங்கை திருப்பியனுப்பியிருந்தாள். "அடுத்த தடவை மொத ஆளு நீதான் கண்ணு" என்று வாசல்வரை போய் அவள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

"வரச் சொல்லுங்க" என்றேன்.

சட்டியை நானே எடுத்துவந்தேன். எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருந்தது. ஊறல் வாளித் தண்ணீருக்குள் இறங்கியதும் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. விரல் வரிகள்தான் முதலில் போயின. பிறகு விளிம்பு ஓசையின்றிச் சரிந்தது. தடித்த அடிப்பகுதி மட்டும் அப்படியே நின்றது. விரைவில் முடிந்துவிடட்டும் என்று கையை விட்டுக் கலக்கப் போனேன்.

"கைய எடுத்துக்கோங்க சார். இப்பக் கலக்குனா கட்டி கட்டியா நின்னுக்கும். அதுபாட்டுக்குக் கரையட்டுங்க" என்றார் அவர்.

கையை எடுத்துக்கொண்டேன். அவர் துண்டை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், துடைக்கவில்லை. அந்தக் குளிரில் விரல்களில் மண் காய நெடுநேரமாயிற்று.