மேட்டூருக்கு ஒரு டப்பா பொய் மீன்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கிளம்பினேன். மேட்டூர் முப்பத்திரண்டு மைல். பஸ் கட்டணம் பத்து அணா. யுத்தம் வந்த பிறகு பெட்ரோலுக்குப் பஞ்சம் என்பதால், முதுகில் கரியடுப்பு கட்டி, அதன் வாயுவில் ஓடுகிற வண்டி. மேச்சேரி தாண்டியதும் அது இருமி நின்றது. டிரைவர் அடுப்பைக் கிளறிக்கொண்டே என் மடியிலிருந்த தகர டப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, நகைங்களா? இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கறீங்க."

"நகைதானுங்க. மீனுக்குப் போடற நகை."

"அப்பக் கல்யாணம் மீனுக்குங்களா?"

"பொண்ணுக்குத்தானுங்க. மீனு தரகரு."

அவர் சிரித்தார். நான் சொன்னது நிஜம். மேட்டூர் அணையில் மதகு இயந்திரங்களைப் பார்க்கும் பிட்டராக இருக்கும் என் சிநேகிதர் சவரிமுத்துவின் மகள் பிலோமினாவைப் பார்க்க மறுநாள் சேலத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சூசைக்கு ரயில்வேயில் கிடைத்த லீவு அந்த ஒரு நாள்தான். அது வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவ வீட்டில் அன்று கறி கிடையாது. மீன் வாங்கலாமென்றால், ஐப்பசியில் அணை திறந்து ஆறு இழுக்கிற இழுப்பில் வலை நிற்கவில்லை. போன வருஷம் வந்த இடம் சாப்பிட்டுவிட்டுப் போய், ஒரு வார்த்தையும் சொல்லாமலே நின்றுவிட்டது. இந்தப் பையனைப் பிலோமினா மாதா திருவிழாவில் பார்த்திருக்கிறாள்; அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆகையால்தான் சவரிமுத்து, "டப்பாவோட வந்துருங்கண்ணா" என்று ஆள் சொல்லி அனுப்பினார்.

டப்பா, ஏற்காட்டில் ஒரு துரை ஊருக்குப் புறப்பட்டபோது ஏலத்தில் எடுத்தது. உள்ளே பொய் இரைகள்: காம்பு ஒடிந்த கரண்டி போல வளைந்த தகடுகள், வெள்ளி முலாமில் ஒன்று, பித்தளையில் ஒன்று, கண்ணாடிக் கண் வைத்த மர மீன் ஒன்று. எல்லாவற்றுக்கும் வாலில் முள். தண்ணீரில் இழுத்தால் குஞ்சு மீன் போல நெளியும். அதைத் துரத்திப் பெரிய மீன் வரும்.

மாலை நான்கு மணிக்கு, அணைக்குக் கீழே பாறை மேல் நின்றோம். ஆறு செம்மண் கரைத்த நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கலங்கல் நீருக்கு அதிகம் மினுங்குவதுதான் சரியென்று நான் வெள்ளித் தகட்டைக் கட்டினேன். இருட்டும் வரை வீசியும் ஒரு கடிகூட இல்லை. மர மீன் பாறையிடுக்கில் மாட்டி அறுந்துபோயிற்று.

"வாளை மீனு மீசையில தடவிப் பாக்கற சாதிங்கண்ணா," என்றார் சவரிமுத்து. "இந்தத் தண்ணியில அதுக்குக் கண்ணு எதுக்கு? அகலமா ஆடறதா ஒண்ணு வேணும். அடியோட, மெதுவா. ஆனா, கிட்ட வந்து கண்ணுல பட்டா ஏமாறவும் வேணுமில்லீங்க."

டப்பாவில் விரல் விட்டுத் துழாவிப் பித்தளையை எடுத்தார். கறுத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைத் தேய்க்கச் சமையற்கட்டில் புளி கேட்டார். பிலோமினாவின் குரல் எனக்குக் கேட்டது: "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாக்க வாரது என்னையவா, அதையவாப்பா?"

"மொதல்ல அதைய ஒருத்தன் பாக்கட்டும் சாமி. அப்பறம் உன்னைய."

வெள்ளிக்கிழமை விடியற்காலை மறுபடி அதே பாறை. தகட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே தூண்டில் நரம்பில் கட்டினார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். தூண்டில்காரர்கள் இப்படித்தான், பெட்டிச் சாவியைக்கூட நம்பிக் கொடுப்பார்கள், இரையைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. எதைக் கண்டு ஓர் உயிர் நம்புகிறது என்று தெரிந்துகொள்ள எத்தனை ஐப்பசி அவர் அந்த ஈரத்தில் நின்றிருப்பார். வெயில் பாறையைத் தொடுவதற்குள் கை நீளத்துக்கு ஒரு வாளை கரைக்கு வந்தது.

பகல் ஒரு மணிக்கு இலை போட்டார்கள். குழம்பில் மீன் தலை, பெரிய விருந்தாளியான சூசைக்கு. சூசை அதிகம் பேசாதவர். வந்ததிலிருந்து, "ஆமாங்க", "சரிங்க", அவ்வளவுதான். சவரிமுத்துவின் மனைவி கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷமும் இப்படித்தான் பேசாமல் சாப்பிட்டார்களாம்.

சூசை மீன் தலையைப் புரட்டினார். தாடையில் கிழிந்திருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வலை மீனில்லீங்களே இது. தூண்டிலுங்களா?"

"ஆமாங்க."

"இந்தக் கலங்கல்லயா? நானும் திருமணிமுத்தாத்துல மூணு வாரமா நிக்கறேன், ஒண்ணுஞ் சிக்கலை. என்னங்க போட்டீங்க?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார். கதவோரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து இலைப் பக்கத்தில் வைத்தார். குறுக்கே பாதி பொன்னாக மின்னியது. பாதி கறுப்பாகவே இருந்தது.

"பாதிக்குத்தானுங்க புளி போட்டுத் தேச்சேன். முழுசும் மினுங்குனா ஒதுங்கிக்குது. முழுசும் கறுப்பா இருந்தாத் தெரியறதில்லை. இப்படின்னா அடிபட்ட மீனாட்டம் அணைஞ்சு அணைஞ்சு எரியுமுங்க."

சூசை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"இதைய வேற யாருகிட்டயும் சொல்லீராதீங்க, சம்பந்தி," என்றார்.

சமையற்கட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. நிஜக் கரண்டி.

நான்கு மணி வண்டியில் திரும்பினேன். டப்பா லேசாயிருந்தது: மர மீன் ஆற்றோடு போயிற்று, பித்தளை சூசையின் சட்டைப் பையில். செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் பழைய பித்தளைத் தட்டொன்றைத் தேடியெடுத்துக் கரண்டியளவுக்கு வெட்டி வளைத்து, மனைவியிடம் கொஞ்சம் புளி கேட்டேன். எதற்கென்று கேட்டாள். சொல்லவில்லை. சூசை வாயடைத்தது சவரிமுத்துவைத்தான், என்னை அல்ல. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டேன். இனி நீங்களும் எனக்குச் சம்பந்தி முறைதான்.