டேப்பின் மறுமுனை

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் 1997 ஜூலை 12, சனிக்கிழமை, மைசூரு வித்யாரண்யபுரத்தில் என் சொந்த வீட்டில் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அன்று ஒருவரிடம் மறைத்தேன். இனி மறைக்க மாட்டேன்.

எனக்கு ஓசூருக்கு மாற்றல். மனைவி ஜோதிமணி எட்டு மாதக் கர்ப்பிணி, கொள்ளேகாலில் தாய்வீட்டில் இருந்தாள். இந்த வீட்டை விற்றால்தான் ஓசூரில் வீடு பார்க்க முடியும். பிள்ளை பிறப்பதற்குள் அவளை அங்கே கூட்டிப் போய்விடத் துடித்தேன். ஆடி பிறந்தால் யாரும் கிரயம் செய்ய மாட்டார்கள். பத்தே நாள்தான் இருந்தது.

இரண்டு புரோக்கர்கள் வந்தார்கள். ஒருவர் தொட்டையன், எங்கள் வட்டாரத்தின் பழைய ஆள்.

"அளக்கறதுக்கு ரெண்டு பேரைக் கூட்டியாருவேனுங்க. ரெண்டு முனையிலயும் கண்ணுக்குத் தெரியற ஆள் நிக்கோணும். வீட்ல ஏதாச்சும் இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க" என்றார்.

கிழவருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தேன்.

இன்னொருவர் சந்துரு. ஸ்கூட்டர், இடுப்பில் பேஜர். ஆள் பிடிப்பது, அளப்பது, பத்திரம் எல்லாம் தானே பார்ப்பதாகச் சொன்னார். அவசரக்காரனுக்கு அதுதானே வேண்டும். அவரையே பிடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாளே கொள்ளேகால் பட்டு வியாபாரி ஒருவரை முடித்துக் கொடுத்தார். பத்திரத்துக்கு அளவு மட்டும் பாக்கி.

சனிக்கிழமை மதியம் 3.35. கரண்ட் இல்லை. வெளியே தூறல். சந்துரு என்னை வாசலில் நிறுத்தி, டேப்பின் தோல் உறையைக் கையில் கொடுத்தார். நுனியை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். அந்த அறையின் பின்சுவரில் கதவு கிடையாது; பக்கத்தில் அடுக்களைக்கு மட்டும் ஒரு வழி. வாசலிலிருந்து அதன் பின்சுவர் வரை இருபத்திரண்டு அடி. பழைய பத்திரத்திலேயே இருக்கிறது.

உள்ளே பேஜர் 'பீப்... பீப்' என்றது. அப்புறம் சத்தமில்லை.

3.41. டேப் விறைத்தது. 'டக்... டக்' என்று இரண்டு இழுப்பு. படிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"இருபத்திரண்டு" என்றேன்.



கையில் இருந்த உறைக்குள் டேப் சுருள் 'கர்ர்ர்' என்று சுழன்றது.

இருபத்து நாலு... இருபத்தேழு...

"சந்துரு?"

முப்பது...

சுவரைத் தாண்டி எங்கே போகிறது?

முப்பத்தொன்று. நின்றது.

'டக்... டக்.'

"சார், ஸாரி சார்."

குரல் எனக்குப் பின்னால், தெருக் கேட்டிலிருந்து வந்தது. மழையில் நனைந்தபடி சந்துரு நின்றார்.

"பேஜர் அடிச்சுது. நுனியைத் தரையில போட்டுட்டு அடுக்களை வழியா போன் பூத்துக்குப் போயிட்டேன். அளந்துட்டீங்களா?"

உறையை அவரிடம் நீட்டினேன். அவரே உறையை வாங்கிச் சுற்றினார்.

"என்ன சார், யாரோ பிடிச்சிருக்கற மாதிரி இழுக்குது..."

கடைசியில் நுனி வந்தது. இரும்பு வளையம் நனைந்திருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது.

"முகம் வெளுத்துப் போச்சே சார். வீட்ல ஏதாவது...?"

சொன்னால் வியாபாரம் போச்சு. ஜோதிமணியின் முகம்தான் கண்ணில் வந்தது.

"ஒண்ணுமில்ல. மதியம் சாப்பிடல, அதான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பத்திரம் பதிந்தது. ஆகஸ்டில் ஓசூரில் மகள் பிறந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். வீட்டை வாங்கியவருக்கும் ஒரு குறையும் இல்லை. எல்லாம் பிரமை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அக்டோபரில் மைசூரு பஸ் ஸ்டாண்டில் தொட்டையனைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சந்துருவைப் பற்றி விசாரித்தேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"அவன் இப்ப வீடு அளக்கத் தனியாத்தான் போறானுங்க. டேப் பிடிக்க யாரையும் கூப்பிடறதில்ல. கேட்டா, ஆள் இருக்குங்கறான்."

"யாரு?"

"போன வாரம் நானே பார்த்தேனுங்க. ஒரு முனை அவன் கையில. அந்தப் பக்கம் யாருமில்ல." என் காதருகே வந்தார். "டேப் கீழ விழாம நிக்குது."

என் பஸ் வந்துவிட்டது. அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.