மாஸ்டர் செந்தில்வேலின் வலது தோள்

“இந்த ரெண்டு கையும் தலைக்கு மேல போகாத நாளுன்னு ஒண்ணு என் சாதகத்துலயே கெடையாது! அப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா, அன்னிலேர்ந்து ஒரு பய என்னைய மாஸ்டர்னு கூப்பிட வேணாம்!”

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் தம் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்த அன்று செந்தில்வேல் ஒலிபெருக்கியில் இப்படி முழங்கினார். ஒலிபெருக்கி கீச்சென்று ஓர் அலறல் போட்டது. நல்ல சகுனம் என்று கூட்டம் கை தட்டியது.

பளுதூக்குதலில் மாவட்ட அளவில் மூன்றாம் இடம் பிடித்தவர் அவர். அந்த எடைப் பிரிவில் போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான் என்பதை வரலாறு அடக்கத்தோடு மறைத்துக்கொண்டது. நிலபுலன் எதுவும் கிடையாது. ‘மாஸ்டர்’ என்ற ஒரு சொல்தான் ஆஸ்தி. அதுவும் போனால் கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, மச்சினர் தண்டாயுதபாணியின் பஞ்சாமிர்தக் கடையில் டப்பாவுக்கு மூடி போட வேண்டியதுதான்.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. எவராவது வலிக்கிறது என்று வாயைத் திறந்தால், மூலையில் சாத்தியிருக்கும் விளக்குமாற்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, மலையேறும் காவடிக்குப் போடுவதுபோல ‘அரோகரா’ போடுவார்கள். தோள்வலியைவிட இது அதிகமாக வலித்ததால், நாளடைவில் அங்கே யாருக்கும் வலியே வரவில்லை. மாஸ்டர் இதைத் தம் பயிற்சிமுறையின் வெற்றி என்று கருதினார்.

சுபஸ்ரீ மட்டும் வாயைத் திறந்தாள். பூண்டு விளையும் மலைக்கிராமமான பூண்டியிலிருந்து பழனிக்குக் கல்லூரி படிக்க வந்த பெண்.

“மாஸ்டர், தூக்குறப்ப தோளுக்குள்ள என்னமோ உரசுதுங்க. கொஞ்ச நாள் விட்டுப் பாக்கட்டுங்களா?”

“பூண்டு மூட்டை தூக்குன தோளுதான புள்ள அது? இரும்பத் தொட்டதும் துரு புடிச்சிருச்சாக்கும்? ஏலே முகேசு, வெரசா அந்த வெளக்கமாத்த எடுத்தா!”

அவள் தூக்கினாள். கண்ணீர் வழிய, அரோகரா ஓயும்வரை நின்றாள். மறுநாள் வரவில்லை. திண்டுக்கல்லில் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஓய்வெடுத்து, ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துத் தோளைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள் என்று தகவல் வந்தது.

“ரப்பரா? கவட்டை செஞ்சு காக்கா அடிக்கச் சொல்லு” என்றார் மாஸ்டர். கூடம் சிரித்தது.

பழனியாண்டவர் சற்றுத் தாமதமாகச் சிரித்தார். மாஸ்டர் பளுவைத் தலைக்கு மேல் ஏற்றிய நொடியில், வலது தோளுக்குள் முருங்கைக் கொப்பு ஒடிவதுபோல ஒரு சத்தம். பளுவைப் போட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றார்.

மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே, இரும்பால் வந்த வலி இரும்பாலேயே போகும் என்று, ஆளில்லாத வேளை பார்த்துத் தொடர்ந்து பளு தூக்கினார். அரைகுறையாகக் கிழிந்திருந்த தசைநார் முழுசாகக் கிழிந்தது.

பனியனைக் கழற்ற முடியவில்லை. பொத்தான் சட்டைக்கு மாறினார். மனைவி தேவசேனா, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல அவர் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துவிடுவாள். தலை வாரவும் முடியவில்லை. ஆனால் மயிரால் ஒரு சங்கடம் என்றால் பழனிக்காரனுக்கு வழியா தெரியாது? அடிவாரத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். முளைத்தது, மறுபடியும் மொட்டை. வேண்டுதல் என்ன என்று கேட்டவர்களிடம், “உலகம் நல்லாருக்கணும்” என்றார். மாஸ்டரின் பக்தி ஊரெல்லாம் மணத்தது.

“ஆசுபத்திரிக்குப் போனா தலையா போயிரும்?” என்றாள் தேவசேனா.

“தலை போனாலும் பேரு போகக் கூடாதுடி.”

“தலைதான் ஏற்கெனவே மொட்டையாக் கெடக்கே.”

இந்த நிலையில் சுபஸ்ரீ, மாநிலப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பழைய தோழர்கள் அவளைக் கூடத்துக்கு அழைத்துவந்து, மாஸ்டர் கையில் ஒரு சம்பங்கி மாலையைத் திணித்தார்கள்.

“நீங்கதான் போடணும் மாஸ்டர்!”

மாலை அவர் நெஞ்சுவரை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

“கொஞ்சம் குனிம்மா.”

சுபஸ்ரீ அவருடைய வலது தோளைப் பார்த்தாள். அவளுக்குப் பழக்கமான நடுக்கம் அது.

“பளு தூக்குறவ யாருக்கும் குனியக் கூடாதுன்னு நீங்கதானங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்தீங்க?” என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“என்ன மாஸ்டர், பூ அம்புட்டுக் கனமாவா இருக்கு?” என்றான் முகேஷ். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

செந்தில்வேல் மாலையைப் பளுக்கம்பியின் நுனியில் மாட்டினார். யாரும் சொல்லாமலே மூலைக்குப் போனார். விளக்குமாற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். இடது கை நேராக மேலே போனது. வலது கை காதுக்குக்கூட எட்டவில்லை. விளக்குமாறு கோணிக்கொண்டு சரிய, அதன் ஈர்க்குகள் மொட்டைத் தலையில் உரசின.

அரோகரா போட வேண்டியவர்கள் எல்லாரும் சுற்றித்தான் நின்றார்கள். ஒருவரும் போடவில்லை.