படத்தில் வராத அம்மா

போன வாரம் என் மகனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச் சொன்னார்கள். அவன் ஒன்பதாம் வகுப்பு. ஆள் ஒல்லி. எவனாவது இவனை அடித்துவிடுவானோ என்று எல்.கே.ஜி.யிலிருந்தே பயந்துகொண்டிருப்பவள் நான். வகுப்பாசிரியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பதமாகத்தான் ஆரம்பித்தார். வகுப்பில் ஒரு பையன் சில நாட்களாகப் பள்ளிக்கு வருவதில்லையாம். என் மகனுக்குப் பயந்துகொண்டு.

டம்ளரை மேசையில் வைத்தேன். என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியை நான் எட்டாவது படிக்கும்போது இன்னொரு அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார்.

தொண்ணூறுகளில் நாங்கள் துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா, வீடியோ கேசட் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேசட் போடும் டெக்கைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். யாரும் வாடகைக்கு எடுக்காத கேசட்டுகள் மட்டும்தான் எங்களுக்கு. எல்லாம் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துச் சிரிப்புப் படங்கள். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் தமிழில் சொல்வார். ஒருமுறைகூடத் தவறியதில்லை, ஏனென்றால் எல்லாப் படத்திலும் கதை ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஒரு முரடன் இருப்பான். இரும்பு அலமாரிக்குள் சின்னப் பையன்களைத் தள்ளிச் சாத்துவான். கதாநாயகன் முதல் பாதி முழுக்கப் பயந்து ஓடுவான். கடைசியில் பள்ளிக்கூடமே வட்டம் கட்டி நிற்க, முரடன் கேக்கிலோ சேற்றிலோ குப்புற விழுவான்.

"பாத்துக்க கண்ணு, இப்ப உழுவான் பாரு" என்பார் மாமா. அவனும் விழுவான்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒருவன் இருந்தான். பத்தாவது. டவுன் பஸ்ஸின் படிக்கட்டு அவன் ராஜ்ஜியம். அவன் கால் நகர்த்தினால்தான் சின்னப் பிள்ளைகள் ஏற முடியும். அதனால் எல்லோரும் அவனைப் படிக்கட்டு அண்ணன் என்றே சொல்வோம். என் தம்பி ஆறாவது. அவனுடைய டிபன் பாக்ஸ் மதியம் நேராகப் படிக்கட்டு அண்ணனிடம் போய், காலியாகத் திரும்பி வரும். ஒருநாள் அது திரும்பி வரவே இல்லை. அம்மாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பா அது. மறுநாளிலிருந்து தம்பிக்கு வயிற்றுவலி, பள்ளிக்கூடம் கிடையாது. என்னிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

வயிற்றுவலி நீண்டுகொண்டே போனது. மில் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா ஒருநாள் சட்டையைக் கழற்றியபடியே சொன்னார். "படிக்க இஷ்டமில்லீன்னா உடு. திங்கக்கெழம பெரியப்பன் லேத்துப் பட்டறைக்குப் போகட்டும்." அப்பா சொன்னால் சொன்னதுதான். பெரியப்பாவின் பட்டறையில் இருந்த இரண்டு பையன்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் நகத்துக்குள் இருந்த கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

மாமாவிடம் சத்தியத்தை மீறாமல், பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அடிக்கவே வேண்டாம் அம்மணி. நாலு பேர் பாக்கறாப்பல நிறுத்திவெச்சுக் கேக்கோணும். ஆளு அங்கியே சுருங்கிப்போயிருவான்."

வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்ததும், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வரச் சொல்லி ஆள் மூலம் படிக்கட்டு அண்ணனுக்குச் சேதி அனுப்பினேன். பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பதாவது அக்காக்கள்கூட வருவதாகச் சொன்னார்கள். அன்று ஒருநாள் மட்டும் வா என்று தம்பியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன்.

மணி அடித்தது. போய் நின்றேன். ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டுகிற நேரத்துக்குத்தான். மொத்தப் பள்ளிக்கூடமும் கேட்டைப் பார்த்து ஓடியது. ஒன்பதாவது அக்காக்கள் ஓடினார்கள். என் தம்பியும் ஓடினான். படிக்கட்டில் யாரும் இல்லாததால் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தானாம். படத்துப் பிள்ளைகள் காரில் வீட்டுக்குப் போகிறவர்கள் என்பதை மாமாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வராமல் போனால் பயந்துவிட்டான் என்பார்களே, அதற்காகப் படிக்கட்டு அண்ணன் மட்டும் வந்தான்.

"ஏனம்மணி, என்னமோ கேக்கோணும்னியாமா?"

மனப்பாடம் செய்ததைக் காலி மைதானத்துக்கு முன்னால் உரக்கச் சொன்னேன். "என்ற தம்பி டப்பாவ ஏனுங்ணா எடுத்தீங்க? அது எங்கம்மா பேர் போட்ட டப்பா. குடுங்க."

அவன் ரோட்டில் அடங்கிக்கொண்டிருந்த புழுதியைப் பார்த்தான். "உன்னால பஸ்ஸு போச்சு" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

"டப்பா எங்கீங்ணா?"

"ஊட்டுல இருக்குது."

"அப்ப நானும் வாரேன்."

"போ புள்ள அக்கட்ட!"

போகவில்லை. அவன் நடந்தால் நடந்தேன். திரும்பி முறைத்தால் நின்றேன். திங்கட்கிழமைக்குள் டப்பா தம்பி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஓடைப் பாலத்தில் அவன் ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். நான் புத்தகப் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லைக் கீழே போட்டுவிட்டு நடந்தான்.

ரோட்டோரத்தில் மில்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். நடு வீட்டு வாசலில் அவனுடைய அம்மா நின்றிருந்தார். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் யூனிஃபார்மைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க கண்ணு, வாங்க! இவன்ற பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தருமே ஊட்டுக்கு வந்ததில்லீங்க. அந்த டப்பா உங்க ஊட்டுதுங்களா? கூட்டாளி ஊட்டுல குடுத்துட்டாங்கன்னு கொண்டாந்தான். புளிசோறு அத்தன நல்லா இருந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. வெறும் டப்பாவா எப்படிக் குடுத்தனுப்பறது? சம்பளம் வரட்டும், ஏதாச்சும் பலகாரம் சுட்டுப் போட்டுக் குடுக்கலாம்னு கழுவி வெச்சுருக்கறனுங்க."

அவருக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான். மாமா சொன்னது சரியாக நடந்தது. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் சுருங்கிப்போனான். தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல.

எந்தப் படத்திலும் இந்த இடம் வந்ததில்லை. முரடனுக்கு அம்மா இருப்பதாக மாமா சொன்னதே இல்லை. எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது, நகத்துக் கறுப்பு ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன்.

"நாங்க குடுக்கலீங்க. தினமும் தம்பிகிட்ட இருந்து புடுங்கிக்கறாங்க. அவன் பயந்துட்டு பள்ளிக்கூடமே வர்றதில்லீங்க."

அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகன் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் கேட்டார்.

"எத்தன நாளாங்க கண்ணு?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்துங்க."

உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில்கூட அது அப்படிப் பளபளத்ததில்லை. உள்ளே வறுத்த நிலக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் இருந்தன. அத்தனையும் கேட்ட பிறகும் வெறும் டப்பாவாக அவரால் கொடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை தம்பி பஸ் ஏறும்போது படிக்கட்டில் ஒரு கால் நகர்ந்து வழிவிட்டது. முகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுவலி அதோடு நின்றது. பெரியப்பா பட்டறைக்கு வேறு பையன் வந்தான். மாமா வெகுநாள் வரை இதைத் தன்னுடைய வெற்றியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாளைக்கு என் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போகிறேன். வரமாட்டேன் என்கிறான். வருவான். அவன் நடக்கிற வரைக்கும் நான் பின்னாலேயே நடப்பேன். எனக்கு அது பழக்கம். வெறுங்கையோடு போக மனமில்லாமல் கொஞ்சம் முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன். சுடும்போது இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன்.

டப்பாவை வாங்கிய அன்று சாயங்காலம் அந்த அம்மாதான் என்னோடு ரோட்டுக்கு வந்து, பஸ் வரும்வரை நின்றார். கண்டக்டரிடம், "புள்ளயப் பாத்து எறக்கி உடுங்க" என்றார். பஸ் கிளம்பியது. கடலையைக் கொறித்துக்கொண்டே பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். வீட்டில் விளக்குகூட ஏற்றியிருக்கவில்லை. வீடு பத்தடியில்தானே இருக்கிறது, மகனும் உள்ளேதானே இருக்கிறான், இந்த அம்மா ஏன் உள்ளே போகாமல் நிற்கிறார் என்று அப்போது நினைத்தேன்.