மைக் முன்னால் பதினாலு மணி நேரம்

டக், டக், டக். காலை ஐந்தரைக்கு என் விரல் மைக்கைத் தட்டும் சத்தம் பஸ் நிலையம் முழுக்கப் போய், கூரைப் புறாக்களை எழுப்பிவிட்டு, என்னிடமே திரும்பி வரும். இன்னும் அது காதில் இருக்கிறது. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது என் வேலை. உட்கார்ந்து பேசுவதுதானே என்பார்கள். ஒரு பங்குனியில், பழனிக் கூட்டம் நெரிந்த சமயம், என்னோடு முறை மாற்றிக்கொள்ளும் பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் நான் ஒருத்தியே பேசினேன். இரட்டை வேலை பார்த்து நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

வீட்டில்

முதல் வாரம். சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிட வாயைத் திறந்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வந்தது. மில் மூடிவிட்டதால் வீட்டில் இருந்த என் கணவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "சாம்பாரு எந்தப் பிளாட்பாரத்துல நிக்குது?"

சொந்த ஊர்

மணிக்கொரு முறை வரவேற்பு வாசகம் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம், ஊர்ப் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். பிறந்த ஊர், படித்த ஊர், வாக்கப்பட்ட ஊர். என் மாடி அறை ஜன்னலில் மலைக்கோட்டை தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. மைக் இரைந்துகொண்டே இருந்தது. கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தார்: "திண்டுக்கல்லு, அக்கா."

மாமியாரைக் காணோம்

இன்னொரு தப்பு நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கள் வீடோ அப்போது என் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம், சிறுமலையிலிருந்து வந்த ஒரு மருமகள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். மாமியார் பேர் முனியம்மா, சிவப்புச் சேலை, கூட்டத்தில் காணவில்லை, ஒரு மணி பஸ்ஸை விட்டால் இனி சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டுத் தேட ஓடினாள். மூன்று முறை அறிவித்தேன். மூன்று முறையும் பச்சைச் சேலை என்றேன். சற்று முன்தான் தொலைந்துபோன ஒரு பச்சைப் பையை அறிவித்திருந்தேன். பை கிடைத்துவிட்டது, நிறம் என் தலையிலேயே தங்கிவிட்டது.

பஸ் போன பிறகு, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியாரைக் கண்டுபிடித்து, மருமகள் மேலே கூட்டிவந்தாள். மேனேஜரும் வந்துவிட்டார். உங்கள் பேர் காதில் விழவில்லையா என்று அவர் கேட்டார்.

"விழுந்துச்சுப்பா. பேரு எம்பேருதேன். ஆனா பச்சச் சேலைன்னுச்சு. பாவம், வேற எவளோ முனியம்மா தொலைஞ்சுட்டா போலன்னு நானும் செத்த நேரம் தேடுனேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதற்குள் முனியம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "இந்தப் புள்ள கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குது. மொதல்ல அத வீட்டுக்கு அனுப்பு."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மதியத்துக்கு மேல் பேச இன்னொரு பெண் வந்தாள். நான் விளக்கு வைக்கும் வரை தூங்கினேன்.

தூக்கம் கெட்டால் புத்தி தொலைந்துபோவதில்லை, வேறு பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். முனியம்மா அதற்குப் பிறகு டவுனுக்கு வந்த நாளெல்லாம் பச்சைச் சேலைதான் கட்டி வந்தார்.