இடது பக்கக் கதவு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழமொழி எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் அரளவும் இல்லை, பொழுது இருட்டவும் இல்லை. மாலை ஐந்து மணி. என் சொந்தக் கார். பக்கத்தில் என் பெண்டாட்டி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சொல்லக் கூசுகிற இடத்தையும் விடவில்லை.

என் பெயர் சந்துரு. கோவிந்தாபுரத்தில் தென்னந்தோப்பு. என் காரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் வாங்கிய பழைய ஜெர்மன் கார். சாம்பல் நிறம். ஊரில் எல்லோரும், "யானைய வாங்கிக் கொட்டாயில கட்டியிருக்கான்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். அந்த யானைக்கு ஆயில் மாற்றுவது, பில்டர் மாற்றுவது, பிரேக் பேடு போடுவது எல்லாம் நானே கற்றுக்கொண்டேன். காரோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். டிக்கியில் ஒரு தேங்காய்கூட ஏற்றியதில்லை. "செருப்பக் கழட்டிட்டு ஏறச் சொல்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று என் மனைவி சிவசங்கரி சிரிப்பாள்.

அந்தப் புத்தகத்தில் படித்த ஒரு விஷயம் உங்களுக்கும் தெரிய வேண்டும். அந்தக் காருக்கு இரண்டு விதப் பூட்டு. ஓடும்போது கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். அது சாதாரணப் பூட்டு, உள்ளே இருக்கும் கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் திறந்துவிடும். இன்னொன்று, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வெளியே நின்று பூட்டும்போது விழுவது. அது விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் கைப்பிடிகள் செத்துப் போகும். திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் கதவு திறக்காது. உள்ளே ஆள் இருக்கும்போது அப்படிப் பூட்டவே கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

போன வருடம் ஆனி மாதம். சிவசங்கரிக்கு ஏழாம் மாதம். எங்கள் வீட்டில் வளைகாப்பு. அவள் பிறந்த ஊர் பீர்மேடு. வளைகாப்பு முடிந்தால் பிறந்த வீட்டு ஆட்கள்தான் பெண்ணை அழைத்துப் போக வேண்டும், புருஷன் கொண்டுபோய் விடக் கூடாது என்பது வழக்கம். அழைத்துப் போக மாமியார் சுருளியம்மாள் ஜீப்போடு வந்திருந்தார். அந்த ஜீப்பைப் பார்த்தேன். மலைப் பாதையில் அது ஏழு மாதக்காரியைப் போட்டுக் குலுக்கும் குலுக்கலையும் நினைத்துப் பார்த்தேன்.

"நானே கொண்டாந்து உடறேனுங்க அத்தை. நம்ம வண்டியில தொட்டில்ல படுத்த மாதிரி வருவா" என்றேன்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல மாப்ளே" என்றார் அவர்.

"வழக்கம் வந்த காலத்துல இந்த மாதிரி வண்டி ஏதுங்க?"

அவர் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் முன்னால் போனது. நாங்கள் பின்னால் போனோம். பொள்ளாச்சி, தேனி, கம்பம், குமுளி. வழியெல்லாம் வெயில். சிவசங்கரி முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பெல்ட்டின் கீழ்ப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஒவ்வொரு வளைவிலும் கலகலவென்று சத்தம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

வண்டிப்பெரியாறு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். மணி 4.35. ஜீப் முன்னால் போய்விட்டிருந்தது. சிவசங்கரி கடைக்குப் பின்னால் இருந்த பாத்ரூமுக்குப் போனாள். "அசதியா இருந்தா பின்னாடி படுத்துக்க" என்று சொல்லி அனுப்பினேன். நான் டயர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஆனி மாதத்துப் பனி அப்படித்தான் வரும். எதிரே இருந்த டீக்கடை கண் முன்னாலேயே காணாமல் போனது.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் சால்வையைத் தலை வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"போலாமா?" என்றேன்.

"ம்."

4.50க்கு வண்டியை எடுத்தேன்.

நூறடி போயிருக்க மாட்டேன். டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் மணி. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கும். சீட்டுக்கு அடியில் எடையை உணரும் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஓட்டிக்கொண்டே இடது கையை நீட்டிச் சீட்டைத் தடவினேன்.

சீட் சூடாக இருந்தது.

வெயிலில் வந்த வண்டிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயிலைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

டிங்... டிங்...

சட்டென்று மணி நின்றது.

நல்லது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் பார்த்தேன். பெல்ட் போட்டிருந்தது.

காலி சீட். அதன் குறுக்கே பெல்ட். தொய்ந்து கிடக்கவில்லை. தோளில் இருந்து இறுக்கமாக இறங்கி, நடுவில் ஏதோ பெரிதாக இருப்பது போல வெளியே வளைந்து நின்றது.

வண்டியை நிறுத்த நினைத்தேன். இடது பக்கம் தடுப்புச் சுவர் இல்லாத பள்ளம். முன்னால் பனி. பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான்.

"சங்கரி" என்றேன். "முன்சீட்டப் பாரு."

"ஏனுங்க?" என்றாள்.

அவள் பீர்மேட்டுக்காரி. "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டாலே பழித்துக் காட்டுகிறவள். கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் "ஏனுங்க" என்று சொன்னதில்லை. இது அப்போது என் காதில் விழுந்தது. ஆனால் பயத்தில் மனசு அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

5.12. வண்டி தானாக நின்றது.

இஞ்சின் இருமவில்லை, இழுக்கவில்லை. விளக்கை அணைத்தது போல அணைந்தது. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அந்த இஞ்சினை நான் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டவன். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை.

அப்புறம்... டக்.

நான்கு கதவுகளிலும் ஒரே சமயத்தில். கனமான சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் வெளியே நின்று கேட்கிற சத்தம்.

வெளியே இருந்து யாரோ பூட்டுகிற சத்தம்.

சாவி என் கையில் இருந்தது. வண்டிக்குள் இருந்தது.

என் பக்கக் கைப்பிடியை இழுத்தேன். செத்த மீன் வால் போலத் தொளதொளவென்று ஆடியது. கண்ணாடி இறங்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. போனில் டவர் இல்லை. முழங்கையால் கண்ணாடியை இடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம். ஏழு மாதக்காரியோடு ஒரு இரும்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டேன். அதுவும் நானே துடைத்துத் துடைத்து வைத்த பெட்டி. எனக்கு அழுகை வந்தது.

இடது பக்கம் கலகலவென்று ஒரு சத்தம்.

வளையல்.

முன்சீட்டில்.

இடது கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சு பட்டு ஆவி படிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த ஆவியில் ஒரு உள்ளங்கை பதிந்தது. எடுத்தது. மறுபடியும் பதிந்தது. தட்... தட்... தட்...

"ஏனுங்க" என்று பின்னால் குரல். பதற்றமே இல்லாத குரல். "அதத் தள்ளி உட்டுருங்க."

"கதவு பூட்டிக்கிச்சு."

"தள்ளுங்க. நம்ம கொழந்தைய அது எடுத்துக்கும்."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை.

சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பெல்ட் கழன்று ஓடியது. இரண்டு கைகளாலும் தள்ளினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தட்டுப்பட்டது.

மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது.

என் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. நகம் பதிந்தது.

அதைத் தாண்டிக் கையை நீட்டி இடது கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

இழுத்தேன். திறக்கவில்லை.

"இன்னொருக்கா."

இழுத்தேன்.

திறக்கவில்லை.

"தள்ளுங்க..."

காலைத் தூக்கி வைத்து மூன்றாம் முறை இழுத்தேன்.

திறக்கவில்லை.

வெளிச்சம்.

எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள். என் பக்கக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். மாமியார் வந்த ஜீப்பின் டிரைவர் மிக்கேல்ராஜ்.

டக். நான்கு கதவுகளும் விட்டுக்கொடுத்தன. நான் ரோட்டில் விழுந்தேன். எழுந்து ஓடிப் பின்கதவைத் திறந்தேன்.

பின்சீட்டில் யாரும் இல்லை. சால்வை இருந்தது. காலையில் புறப்படும்போது நான் மடித்து வைத்த மடிப்பு கலையாமல் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் சிவசங்கரி ஜீப் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறாள். எனக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பாதி வளையல்கள் உடைந்து கையில் ரத்தம். ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். அவள் பின்னால் நகர்ந்து மிக்கேல்ராஜின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"வரக் காணோமேன்னு அம்மா அனுப்புனாங்க சார்" என்றார் மிக்கேல்ராஜ். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா ஜீப்புல வரட்டும். நீங்க பின்னாடி உக்காருங்க." அந்த ஜீப் குலுக்கியது.

மறுநாள் காலையில் மிக்கேல்ராஜோடு வண்டியை எடுக்கப் போனேன். சாவியைத் தொட்டதும் இஞ்சின் பிடித்தது. பொள்ளாச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கோளாறும் இல்லை. இடது கதவு பூப்போலத் திறந்தது. சாவி உள்ளே இருக்கும்போது அந்தப் பூட்டு விழ வழியே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார்.

பிரசவம் வரை நான் வாரா வாரம் பஸ் ஏறிப் பீர்மேட்டுக்குப் போனேன். சிவசங்கரி என்னோடு பேசவில்லை. நான் உள்ளே போனால் மாமியாரையும் கூடவே இருக்கச் சொன்னாள். பயம் தெளியவில்லை என்று நினைத்தேன். கோவிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஓரமாக வைத்தாள்.

ஆவணியில் ஆண் குழந்தை பிறந்தது. தொட்டில் போட்ட அன்று மத்தியானம், முதல் முறையாக அவளே மாமியாரை வெளியே போகச் சொன்னாள். கதவை மட்டும் சாத்த விடவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"டீக்கடையில இருந்து வந்து நான் முன்னாடிதான் ஏறுனேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பெல்ட்டு போட மறந்துட்டேன். மணி அடிச்சுச்சு. போட்டேன். நீங்க என் மடியில கையப் போட்டுத் தடவுனீங்க. என்னன்னு கேட்டேன். காதுல வாங்கல. பின்னாடி திரும்பித் திரும்பிப் பேசுனீங்க."

"பின்னாடி நீ..."

"பின்னாடி யாருமே இல்ல. வண்டி நின்னதும் நான் கத்துனேன். கண்ணாடியத் தட்டுனேன். உங்களுக்குக் கேக்கல. அப்புறம் என் பெல்ட்டக் கழட்டுனீங்க."

குழந்தை கொட்டாவி விட்டது. அவள் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்துல கைய வச்சுத் தள்ளுனீங்க. நான் உங்க கையப் புடிச்சுக் கெஞ்சுனேன். கதவு மட்டும் தொறந்திருந்தா நானும் இவனும் அந்தப் பள்ளத்துல கெடந்திருப்போம்."

என் மணிக்கட்டைப் பார்த்தேன். நகம் பதிந்த நான்கு தழும்புகள். இரண்டு மாதமாக அதைப் பேயின் நகம் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

பின்சீட்டில் இருந்து பேசியது யார், எனக்குத் தெரியாது. கதவை வெளியே இருந்து பூட்டியது யார், அதுவும் தெரியாது. இரண்டும் ஒன்றா வேறா என்றுகூடத் தெரியாது.

இப்போது அவளும் குழந்தையும் கோவிந்தாபுரத்துக்கு வந்துவிட்டார்கள். கார் கொட்டாயில் நிற்கிறது. சிவசங்கரி அதைத் தொட்டுத் துடைக்கக்கூடச் செய்கிறாள். காரிடம் அவளுக்குப் பயமில்லை. ராத்திரி குழந்தையைத் தன் பக்கம் போட்டுக்கொண்டு, அறைக் கதவை உள்ளே இருந்து தாழ் போட்டுத் தூங்குகிறாள். நான் வெளியே ஹாலில் படுக்கிறேன்.