அக்காவின் பல் பதிந்த டாலர்

எங்கள் குடும்பத்தில் யார் நகை விற்பதாக இருந்தாலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். காலையில் அன்றைய விலையைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்புவேன். ஒரு கடைக்கு இரண்டு கடையாக எடை போடச் சொல்வேன். கல் இருந்தால் என் கண் முன்னால் கழற்ற வேண்டும். சேதாரம் என்று கடைக்காரர் இழுத்தால், அதை வாங்கும்போதே பிடித்துக்கொண்டீர்களே, விற்கும்போதும் எதற்கு என்று கேட்பேன். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. அரியலூரில் இருந்த என் அக்காவுக்கு ஒரு வாரமாகத் தலைவலி. திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். லாரி ஓட்டும் மாமா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அடகு நகைக்கு வட்டி கட்டியே அலுத்துப்போன அக்கா, கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியை விற்றுவிடலாம் என்று என்னைப் பெரம்பலூரிலிருந்து வரச் சொன்னாள். கல்யாணத்துக்கு அம்மா போட்ட சங்கிலி அது. அதிலிருந்த டாலரைக் கடித்துக்கொண்டுதான் அக்கா எதையும் யோசிப்பாள். பல்லில் அது தட்டும் சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்கும்.

அரியலூர் கடைக்காரர் சங்கிலியைப் புரட்டிப் பார்த்தார். "பழைய நகை. பில்லும் இல்ல, முத்திரையும் இல்ல. டச் கம்மியாத்தாங்க இருக்கும்" என்று விலையைக் குறைத்தார். டச் என்பது நகையில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்கிற கணக்கு. நான் தராசிலிருந்து சங்கிலியை எடுத்துவிட்டேன்.

"பரவால்லடி, குடுத்துட்டுப் போயிடலாம். தலைவலி வுட மாட்டேங்குது" என்றாள் அக்கா.

"சும்மா இருக்கா. இந்த வெலைக்குக் குடுக்கணும்னு நமக்கு என்ன தலையெழுத்து? பெரம்பலூர்ல பாத்துக்கலாம்" என்று அவள் கையைப் பிடித்துப் படியிறக்கினேன்.

மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை தங்கம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சனிக்கிழமை விலை இறங்கியிருந்தது. திங்கட்கிழமை ஏறிவிடும், பொறு என்று போனில் சொன்னேன். சரி என்றாள். திங்கட்கிழமை காலையில் குழாயடியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அந்த நான்கு நாளும் சீட்டு எடுத்த பணம் என் பீரோவில் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நகை விலைதான் மண்டைக்குள் ஓடியது. இதை நான் மாமாவிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அற்ப ஆயுசில் போனவளின் நகையை எங்கள் பக்கத்தில் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இந்த வருடம் அக்கா மகளுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டி வந்தபோது, மாமா சங்கிலியைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார்.

"நீதாம்மா நல்ல வெலைக்குப் பேசுவ" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது என் பீரோவில் இருந்த ஒரு வாரமும், சமையலறையில் நிற்கும்போதெல்லாம் பல்லில் டாலர் தட்டும் சத்தம் கேட்டது. கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்தில் போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வருவதற்குள் குழம்பு அடிப்பிடித்திருக்கும்.

பெரம்பலூர் கடையில் பெரியவர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "யாருங்க இதக் கடிச்சது? பல்லு பதிஞ்சிருக்கே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். டாலரின் ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். சத்தத்தைத்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேனே தவிர, தடத்தைப் பார்த்ததே இல்லை. விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

"இப்படியே எடுத்தா டச் கொறச்சுத்தான் போட முடியும். உருக்கிப் பாத்தா சரியாத் தெரிஞ்சிடும். உங்க இஷ்டம்" என்றார்.

வேறு யார் நகையாக இருந்தாலும் அவர் கேட்பதற்கு முன்பே உருக்குங்கள் என்றிருப்பேன். அன்று டாலரை விரல்களுக்குள் மூடிக்கொண்டேன். அந்தக் குழிகள் போய்விட்டால் அக்கா வாய் பட்ட பொருள் என்று எதுவுமே மிச்சமில்லை. ஆனால் குறைத்து வாங்கிக்கொண்டு போய் அவள் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? உருக்கச் சொன்னேன்.

சங்கிலி உடனே இளகிவிட்டது. டாலர்தான் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. ஆறிய கட்டியைப் பெரியவர் தராசுத் தட்டில் போட்டார். அது விழுந்த சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் காலி நாற்காலிதான் இருந்தது.

டச் நன்றாகவே இருந்தது. ஒரு பைசா குறைக்காமல் அன்றைய விலையைப் போட்டுக் கொடுத்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அரியலூர்ல விக்கப் போனோம். நான்தான் வேணாம்னு எடுத்துட்டேன்" என்றேன். அவரிடம் அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

பெரியவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வேல செஞ்சீங்கம்மா. அப்ப அவசரப்பட்டு வித்திருந்தா இதுல பாதிதான் வந்திருக்கும்."

"ஆமாங்க" என்றேன்.